டெல்டா வெயிலில் ஓடும் கணினிக்கு எந்தப் பம்பு? நீர்க்குளிர்ப்புச் சுற்றுக்கான ஓர் ஒப்பீடு

காவிரிப் படுகையின் நகரங்களில் சக்திவாய்ந்த கணினியை இரவு பகலாக ஓட்டுபவர்களில் திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் முக்கியமானவர்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும்போது, அக்னி நட்சத்திரத்தின் சூடு தணியாத அறையில், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ரெண்டர் செய்துகொண்டிருக்கும். இத்தகைய கணினிக்குத் தனித்தனிப் பாகங்களை வாங்கி நீர்க்குளிர்ப்புச் சுற்று அமைக்க முடிவு செய்பவர், நீரின் சூட்டைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டரையும், சிப்பின் மேல் அமர்ந்து அதன் சூட்டை நீருக்கு மாற்றும் பிளாக்கையும் விரைவில் தேர்ந்துவிடுகிறார். பம்பு என்று வரும்போதுதான் தயங்குகிறார். கணினியின் 12 வோல்ட்டில் ஓடும் டி5, டிடிசி என்ற இரு பம்பு வகைகள், மீன்தொட்டிக்கும் ஏர்கூலருக்கும் விற்கும் 230 வோல்ட் பம்பு, பம்பும் பிளாக்கும் ஒன்றாகவே வரும் ஏ.ஐ.ஓ. (ஆல்-இன்-ஒன்) ஆகிய நான்கு வழிகள் அவர் முன் இருக்கின்றன. பிராசசர் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு ஒன்று, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் இரண்டு, பிராசசரும் கார்டும் சேர்ந்து சுமார் 550 வாட் வெப்பம் என்ற அமைப்பை அளவாக வைத்துக்கொண்டு இந்த நான்கையும் ஒப்பிடுகிறேன்.

பம்பு என்றதும் நம் பகுதியில் எவருக்கும் போர்வெல் மோட்டார்தான் நினைவுக்கு வரும். அந்த அனுபவம் இங்கே ஓரளவு உதவும், ஓரளவு தவறான பக்கமும் இழுத்துச் செல்லும். போர்வெல்லில் ஹெட் என்பது பெரும்பாலும் உயரம்: எத்தனை அடி ஆழத்திலிருந்து எத்தனை அடி மேலே நீரை ஏற்ற வேண்டும் என்பதே கணக்கு. கணினியின் சுற்று மூடிய சுற்று. குழாயில் மேலே ஏறும் நீரின் எடையைக் கீழே இறங்கும் நீரின் எடை ஈடுசெய்துவிடுவதால், சுற்று நிரம்பிய பிறகு உயரம் கணக்கிலேயே வராது. மேசைக்கு அடியில் கேபினட், சுவரின் உச்சியில் ரேடியேட்டர் என்று வைத்தாலும், நிரப்பும் நேரத்தில் மட்டுமே பம்பு அந்த உயரத்தோடு போராடும். அதன் பின் பம்பு எதிர்கொள்வதெல்லாம் உராய்வு மட்டுமே. பிளாக்கின் செப்புத் தகடுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிகளில் நீர் நுழைந்து வெளிவர வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும், செங்கோணத்தில் திரும்பும் பிட்டிங்குகளும் தம் பங்குக்குத் தடை போடும். பெட்டியில் 3.9 மீட்டர், 5.2 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதை இந்தத் தடையை வெல்லும் அழுத்தமாகவே படிக்க வேண்டும்.

அதே பெட்டியில் மணிக்கு 1500 லிட்டர், 1000 லிட்டர் என்றும் எழுதியிருக்கும். தடையே இல்லாமல் வாயைத் திறந்து விட்டால் கிடைக்கும் அளவு அது. அதிகபட்ச ஹெட் என்பதோ வாயை முழுக்க அடைத்தால் கிடைக்கும் அழுத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கிடைப்பதில்லை. நாம் எடுத்துக்கொண்ட அமைப்பில் நல்ல டி5 பம்பை முழு வேகத்தில் ஓட்டினாலும் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் அளவில், அதாவது மணிக்கு 240 லிட்டர் அளவில்தான் நீர் ஓடும். ஆகவே பெட்டியில் உள்ள லிட்டர் எண்ணை மட்டும் வைத்து இரு பம்புகளை ஒப்பிடுவது பயனற்றது. அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்த வரைபடத்தை உற்பத்தியாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெளியிடாத பம்பை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ரெண்டர் கணினிக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எவ்வளவு ஓட்டம் போதும் என்பதை எளிய கணக்கிலேயே அறியலாம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4180 ஜூல் தேவை. 550 வாட் வெப்பத்தைச் சுமக்கும் நீர் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடினால், சுற்றின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 டிகிரிதான். ஓட்டம் இரண்டு லிட்டராகப் பாதியானால் அது 4 டிகிரி ஆகும். ஒரு லிட்டராகக் குறைந்தால் 8 டிகிரியை எட்டும். ஒரு லிட்டருக்குக் கீழே போவது உண்மையிலேயே இழப்பு. நான்கு லிட்டருக்கு மேலே போவதால் கைக்கு வருவது ஒரு டிகிரிக்கும் குறைவு. இடைப்பட்ட இரண்டரை, மூன்று லிட்டர் ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில், சத்தமில்லாமல், நின்றுவிடாமல் தரும் பம்பே நமக்கு வேண்டியது. அந்தக் கடைசி இரண்டு தகுதிகளுக்கே நான் அதிக மதிப்பெண் தருகிறேன்.

இங்கே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அறையின் வெப்பத்தை எந்தப் பம்பாலும் குறைக்க முடியாது. தஞ்சாவூர்ப் பகுதியில் மே மாதப் பிற்பகலில் குளிர்சாதனம் இல்லாத அறை 36, 37 டிகிரியில் இருக்கும்போது, நல்ல ரேடியேட்டர்கள் இருந்தும் சுற்றின் நீர் அதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக, 46, 47 என்று நிற்பது இயல்பே. டி5, டிடிசி பம்புகளுக்கு நீரின் வெப்ப எல்லை பொதுவாக 60 டிகிரி. குளிர்நாடுகளில் 30 டிகிரி நீரோடு ஓடும் கணினிகளுக்கு இந்த எல்லை வெகுதொலைவில் இருக்கிறது. நமக்கோ பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய பம்பு வாங்க ஒதுக்கிய பணத்தை ரேடியேட்டருக்கும் அறையின் காற்றோட்டத்துக்கும் திருப்புவது பல நேரங்களில் கூடுதல் பயன் தரும்.

இனி முதன்மையான போட்டிக்கு வருவோம். டி5, டிடிசி இரண்டுமே ஜெர்மனியின் லைங் நிறுவனத்தின் வடிவமைப்பில் பிறந்தவை. இன்று சைலம் என்ற பெயரின் கீழ் வருகின்றன. டி5 வகைப் பம்புகள் சூரிய வெந்நீர் அமைப்புகளிலும் வீட்டு வெந்நீர்ச் சுற்றுகளிலும் தொடர்ந்து ஓடுவதற்காகவும் பயன்படுகின்றன என்பது அதன் உழைப்புக்கு ஒரு சான்று. இரண்டிலும் மோட்டார் தண்டும் அதைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் சீலும் கிடையாது. பீங்கான் குண்டு ஒன்றின் மேல் அமர்ந்த சுழலியைச் சுவருக்கு அப்பால் உள்ள காந்தப்புலம் சுழற்றுகிறது. தேய்ந்து கசிய சீல் இல்லாததே இவற்றின் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம். அந்தக் குண்டுக்கு மசகாக இருப்பது சுற்றில் ஓடும் நீர்தான் என்பதால், நீரில்லாமல் சில நொடிகள் ஓட்டினாலும் தேய்மானம் தொடங்கிவிடும்.

வேறுபாடு தொடங்குவது உருவத்திலும் வெப்பத்திலும். 18 வாட் வகை டிடிசி உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறியது. நல்ல மேல்மூடி (நீர் நுழைந்து வெளிவரும் வாய்கள் உள்ள மூடி) பொருத்தினால் அதன் அதிகபட்ச ஹெட் சுமார் 5.2 மீட்டர் வரை போகும். டி5 அதைவிடப் பருமனும் நீளமும் கொண்டது. அதிகபட்சம் சுமார் 23 வாட் எடுத்து, சுமார் 3.9 மீட்டர் ஹெட் தரும். இடுக்கமான பிளாக்குகள் மூன்று நான்கு வரிசையாக உள்ள சுற்றில் டிடிசியின் கூடுதல் அழுத்தம் கைகொடுக்கும். நம் அமைப்பில் இரண்டே பிளாக்குகள்தான். அங்கே அந்த வேறுபாடு நிமிடத்துக்குச் சில நூறு மில்லிலிட்டராகச் சுருங்கிவிடுகிறது. முந்தைய கணக்கின்படி, வெப்பத்தில் அது அரை டிகிரிகூட இல்லை.

ஆனால் வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்வியில் இரண்டும் வெகுவாகப் பிரிகின்றன. டி5 பம்பின் மோட்டாரைச் சுற்றின் நீரே குளிர்விக்கிறது. அதன் வெப்பம் நீரில் சேர்வது உண்மைதான். 550 வாட்டைச் சுமக்கும் ரேடியேட்டருக்கு அந்தச் சில வாட்டுகள் ஒரு பொருட்டல்ல. டிடிசியில் மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகை அடிப்பக்கத்தில், நீரிலிருந்து விலகி இருக்கிறது. அடிப்பக்கம் சூடாகும், அந்தச் சூட்டை வெளியேற்ற அதன் மேல் காற்று படவேண்டும். இதற்காகவே அலுமினியச் சூடுதணிப்பான் அடித்தட்டுகளைத் தனியாக விற்கிறார்கள். வெளியே 37 டிகிரி, கேபினட்டுக்குள் அதைவிட ஏழெட்டு டிகிரி கூடுதல் என்ற நிலையில், மூலையில் காற்றுப்படாமல் திருகப்பட்ட 18 வாட் டிடிசி இரவு முழுவதும் எத்தகைய சூட்டில் வேகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பு நின்றுபோவது பெரும்பாலும் சுழலி தேய்ந்து அல்ல, மின்னணுப் பாகம் வெந்துதான் என்ற கோணத்தில் பார்த்தால், நம் பகுதிக் கோடைக்கு டி5 பம்பே இயல்பாகப் பொருந்துகிறது. டிடிசி வேண்டுமென்றால் அடித்தட்டும், அதன் மேல் படும் விசிறிக் காற்றும் கட்டாயம். அவற்றின் விலையையும் இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் டிடிசியின் சிறிய உருவம் என்ற ஆதாயம் பாதி கரைந்துவிடும்.

சத்தத்திலும் டி5 முந்துகிறது. வீடியோ தொகுப்பவர் நாதசுர ஒலியையும் மண்டபத்துப் பேச்சையும் ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கும். டிடிசி முழு வேகத்தில் மெல்லிய கீச்சொலி எழுப்பும் இயல்புடையது. டி5 எழுப்புவது தாழ்ந்த முனகல், அதுவும் வேகத்தைக் குறைத்தால் கிட்டத்தட்டக் கேட்காது. எந்தப் பம்பானாலும் கேபினட் தகட்டோடு நேரடியாகத் திருகினால் தகடே அதிர்ந்து ஒலிபெருக்கியாகிவிடும். இடையே ரப்பர் அல்லது தடித்த ஸ்பாஞ்ச் வைப்பது பம்பின் விலையைக் கூட்டாமல் கிடைக்கும் பெரிய ஆதாயம்.

வேகத்தைக் குறைப்பதன் பலன் வியப்பூட்டுவது. மையவிலக்குப் பம்புகளுக்குப் பொதுவான விதிப்படி ஓட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்தம் வேகத்தின் இருமடியிலும், எடுக்கும் சக்தி மும்மடியிலும் மாறுகின்றன. டி5 பம்பை 70 விழுக்காட்டு வேகத்தில் ஓட்டினால், கோட்பாட்டளவில் சக்தித் தேவை 23 வாட்டிலிருந்து சுமார் 8 வாட்டுக்கு இறங்கும். ஓட்டமோ நிமிடத்துக்கு நான்கு லிட்டரிலிருந்து 2.8 லிட்டராகத்தான் குறையும். நீரின் வெப்ப வேறுபாடு 2 டிகிரியிலிருந்து 2.8 டிகிரி ஆகும். ஒரு டிகிரிக்கும் குறைவான விலையைக் கொடுத்து, பம்பின் சூட்டை மூன்றில் ஒரு பங்காக்கி, சத்தத்தையும் குறைக்க முடிகிறது. ஆகவே பெரிய பம்பை வாங்கி மெதுவாக ஓட்டுவது, சிறிய பம்பை வாங்கி முழு மூச்சில் ஓட்டுவதைவிட நல்ல தீர்வு.

டி5 பம்பிலேயே வேகக் கட்டுப்பாட்டு முறையில் இரு வகைகள் உண்டு. வேரியோ வகையில் பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது; 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளில், நிமிடத்துக்குச் சுமார் 1800 சுற்று முதல் 4800 சுற்று வரை அதைத் திருப்பி வைக்கலாம். பி.டபிள்யூ.எம். வகையில் மதர்போர்டு அனுப்பும் சமிக்ஞை வேகத்தை மாற்றும். வேரியோவை மூன்றில் வைத்து மறந்துவிடலாம் என்பது அதன் அழகு. மென்பொருள் கெட்டாலும் அது தன் போக்கில் ஓடும். நீரின் வெப்பத்துக்கேற்பப் பகலில் கூட்டி இரவில் குறைக்க விரும்புபவருக்கும், கேபினட்டைத் திறக்காமல் மாற்ற விரும்புபவருக்கும் பி.டபிள்யூ.எம். ஏற்றது. விலை வேறுபாடு பெரிதாக இல்லையென்றால் பி.டபிள்யூ.எம். வகையையே எடுக்கலாம்.

அடுத்து, விலையைப் பார்த்துப் பலர் கேட்பது 230 வோல்ட் பம்பு. இது விளையாட்டான யோசனை அல்ல. 2000-களின் தொடக்கத்தில் நீர்க்குளிர்ப்பு செய்தவர்கள் பலரும் மீன்தொட்டிப் பம்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். எஹைம் 1046 என்ற ஜெர்மானியப் பம்பு, மணிக்கு 300 லிட்டரும் 1.2 மீட்டர் ஹெட்டும் கொண்டது, அப்போது வெகு பிரபலம். அன்றைய பிராசசரின் வெப்பம் குறைவு, பிளாக்கின் வழிகளும் அகலம். இன்றைய நுண்தகடு பிளாக்குகள் இரண்டையும் இரண்டு ரேடியேட்டர்களையும் தாண்ட அந்த அழுத்தம் போதாது. நம் ஊர்க் கடைகளில் ஏர்கூலருக்கு விற்கும் பம்புகளின் ஹெட்டும் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும். அதுவும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலையான 50 ஹெர்ட்ஸ் ஓட்டம்.

அழுத்தத்தைவிட முக்கியமானது மின்சாரம். மின்தடையின்போது யுபிஎஸ் கணினியைத் தாங்கிப் பிடிக்கும். பம்பு நேரடியாகச் சுவர் பிளக்கில் சொருகப்பட்டிருந்தால், கணினி ஓட, பம்பு மட்டும் நின்றுவிடும். நீர்க்குளிர்ப்பில் இதைவிட மோசமான சேர்க்கை இல்லை. பம்பையும் யுபிஎஸ்ஸில் இணைத்தால் அதன் அலைவடிவம் குறுக்கிடும்: சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களில் இச்சிறு மோட்டார்கள் உறுமிச் சூடாகும். மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கும் கிராமப்புற இணைப்புகளில் நின்ற மோட்டார் மீண்டும் கிளம்பத் தடுமாறலாம். 12 வோல்ட்டில் ஓடும் டி5 பம்புக்கோ டிடிசிக்கோ இந்தத் துன்பம் ஏதுமில்லை. சுவரில் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் கணினியின் மின்வழங்கி சீரான 12 வோல்ட்டையே தரும். கணினி ஓடும்வரை பம்பும் ஓடும், கணினி நின்றால் வெப்பமும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல ஊர்கள் வாரக்கணக்கில் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்ததை நினைத்துப் பார்த்தால், சுவர் மின்சாரத்தின் தரத்தைச் சார்ந்திருக்கும் பம்பைத் தேர்வது இப்பகுதிக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. நீர்த்தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் 230 வோல்ட் கம்பியின் காப்பு பழுதானால் வரும் ஆபத்தைத் தனியே விளக்கத் தேவையில்லை.

ஏ.ஐ.ஓ. பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. பிராசசரை மட்டும் குளிர்வித்தால் போதும் என்பவருக்கு அது நல்ல தீர்வு; வாங்கிய அன்றே பொருத்திவிடலாம். ரப்பர்க் குழாய் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுவதும், பம்பு நின்றால் முழு அலகையும் மாற்ற வேண்டியிருப்பதும் அதன் குறைகள். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்கும் நம் அமைப்புக்கு அது பொருந்தாது.

சீரியலாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பம்புகள் வைக்கலாமா என்ற கேள்வியும் எழும். அழுத்தம் கூடும், ஒன்று நின்றாலும் மற்றது நீரை நகர்த்தும். காலக்கெடுவோடு ரெண்டர் செய்யும் தொழிலுக்கு இது ஆறுதல்தான். ஆயினும் பம்பு நின்றால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தம் வெப்ப எல்லையை எட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டாவது பம்பின் பணத்தில் நீர்வெப்ப சென்சார் ஒன்றும், அலமாரியில் மாற்றுப் பம்பு ஒன்றும் வைத்திருப்பது மேல். உதிரிப்பாகம் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ வந்து சேரும்வரை வேலை நிற்கும் என்பதே மயிலாடுதுறையிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருப்பவரின் நிலை. இந்த இடத்தில் டி5 பம்புக்கு இன்னொரு வலிமை வெளிப்படுகிறது. அதே சைலம் உருளையை ஈகே, அக்வாகம்ப்யூட்டர், ஆல்பாகூல், கோர்செயர் எனப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் விற்கின்றன. ஒரு நிறுவனத்தின் பம்பு கிடைக்காவிட்டால் இன்னொன்றின் பம்பை அதே மேல்மூடியில் பொருத்தலாம்.

பம்பின் ஆயுளை அதற்குள் ஓடும் நீரே தீர்மானிக்கும் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். போர்வெல் நீர் கூடவே கூடாது. கடலோர நாகைப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பேறியிருக்கிறது, உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலும் கடினத்தன்மை மிகுதி. கேன் தண்ணீர் குடிக்க நல்லது. அதில் மிஞ்சியிருக்கும் தாதுக்கள் சுற்றுக்கு நல்லதல்ல. பேட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரோடு பாசி தடுக்கும் மருந்தும் துரு தடுக்கும் சேர்மமும் கலப்பது, அல்லது தயாராக வரும் கூலண்டை வாங்குவது, இவ்விரண்டே வழி. புதிய ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின்போது தங்கிய பிசுக்கும் துகளும் இருக்கும். சுற்றில் சேர்க்கும் முன் அதை வெந்நீரால் பலமுறை அலசிக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரால் கழுவ வேண்டும். அந்தத் துகள்கள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பம்பின் பீங்கான் குண்டு. செப்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அரிமானம் தொடங்கும் என்பதையும் மலிவு விலைத் தொகுப்பு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே, பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த கோபுர வடிவக் கணினிக்கு நான் தேர்வது பி.டபிள்யூ.எம். வகை டி5, நீர்த்தேக்கியோடு (சுற்றுக்கான நீரை வைத்திருக்கும் சிறு தொட்டி) இணைந்த வடிவில். சிறிய கேபினட்டில் இடமே இல்லை என்பவருக்கு மட்டும் சூடுதணிப்பான் அடித்தட்டோடு டிடிசி. அதையும் 70 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது. எதை வாங்கினாலும் தேக்கி பம்பின் நுழைவாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நிரப்பும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல், மின்வழங்கியின் 24 முள் இணைப்பில் வைத்து அதைத் தனியே இயக்கவைக்கும் குறுக்கு இணைப்பான் மூலம் பம்பை மட்டும் ஓட்டி, தேக்கி காலியாகும் முன் நிறுத்தி நிறுத்தி நிரப்ப வேண்டும். பிறகு ஒரு நாள் முழுதும் கசிவு பார்க்க வேண்டும். டி5 பம்பு 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் எடுக்கும். மதர்போர்டின் சாதாரண விசிறி முனைகள் பெரும்பாலும் 1 ஆம்பியருக்கே ஆனவை. எனவே மின்சாரத்தை மின்வழங்கியின் மோலெக்ஸ் அல்லது சாட்டா இணைப்பிலிருந்து எடுத்து, சமிக்ஞைக் கம்பியை மட்டும் மதர்போர்டில் சொருக வேண்டும். அதைப் பிராசசர் விசிறிக்கான முனையில் சொருகி, சுழற்சி எண் சுழியமானால் எச்சரித்துக் கணினியை நிறுத்தும்படி பயாஸில் அமைத்துவிட்டால், ஆளில்லாத இரவு ரெண்டரின்போது பம்பு நின்றாலும் நீர் கொதித்துப் பிளாஸ்டிக் குழாய் இளகும் நிலை வராது.